பூ அலங்காரத் தொழிலும் நம் குடும்பங்களும்

(நம் சங்க மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பூத்தொடுத்தல் நம் மாதர்க்குப் புதிய வித்தையன்று. திண்ணையில் அமர்ந்து, வாழைநாரை நனைத்துக் கிழித்து, முல்லையும் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் கலந்து கதம்பம் கட்டியறியாத வீடு நம்முள் மிகச் சிலவே. ஆயினும் அவர்கள் முழக்கணக்கில் கூலிக்குக் கட்டுகின்றனர். மணமேடை அலங்காரத்தை ஒப்பந்தம் பேசி லாபம் பெறுவோர் பிறராக இருக்கின்றனர். இந்நிலை மாறவேண்டும் என்பதே நம் கருத்து.

'இது நம் குலத்தொழில் அன்றே' என்பாரும் உளர். நேர்மையான தொழில் எதுவும் எவர்க்கும் இழிவன்று. தலைமுறை தலைமுறையாக மாலை கட்டிவருவோரிடம் பணிவோடு சென்று, உரிய ஊதியம் தந்து கற்றுக்கொள்வதே முறை.

நிற்க. கைத்திறன் மட்டும் இத்தொழிலுக்குப் போதாது. இன்று விற்காத அரிசியை நாளை விற்கலாம், மல்லிகை அவ்வாறன்று. விடியலில் மொட்டாகப் பறித்தது அன்றிரவே விரிந்து மறுநாள் வாடும். ஆதலின் பூவை வாங்கிவைத்துக்கொண்டு வாடிக்கைக்காரரை எதிர்நோக்குதல் தகாது. முன்பணம் பெற்ற பின்னரே பூ வாங்குதல் வேண்டும். இஃது முதல் விதி.

இரண்டாவது, விலையின் ஏற்றத்தாழ்வு. 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் பனிக்காலத்தில் விளைவு குன்றும். தை முகூர்த்தமும் உடன் கூடினால் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறும். ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். மேடை அலங்காரத்தை 10,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்கிறோம். பூவுக்கு 4,000, ஆள்கூலி 2,500, வண்டிக்கும் கம்பி முதலியவற்றுக்கும் 1,500 போக, மிச்சம் 2,000. அன்று பூவின் விலை இரட்டித்தால் அதே 2,000 நஷ்டமாகும். ஆகவே, விலை ஏறினால் எந்தப் பூவுக்குப் பதிலாக எந்தப் பூவை வைப்பது என்பதை முன்னரே எழுத்தில் பேசி முடித்தல் வேண்டும். மல்லிகைக்குப் பதில் சம்பங்கியும், ரோஜாவுக்குப் பதில் செவ்வந்தியும் பல இடங்களில் ஏற்கும்.

மூன்றாவது, பாதுகாப்பு. ஓசூரிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் வரும் காம்புப் பூக்களைச் சாய்வாக நறுக்கி, நீரில் மூழ்கும் இலைகளை நீக்கி, சுத்தமான வாளியில் நிறுத்துக. கல்யாண வீட்டு உக்கிராண அறையில் பழுத்த வாழைத்தாரின் அருகே பூவை வைத்தல் பெருந்தவறு. பழத்திலிருந்து எழும் எத்திலீன் என்னும் வாயுவால் பூ விரைவில் வாடும். கார்னேஷன் பூவுக்கு இது மிகுந்த கேடு. ரோஜாவுக்குக் கடுங்குளிர் நன்று. ஆர்க்கிட் பூவோ அக்குளிரில் கருகும்.

மூலதனம் பெரிதாக வேண்டுவதில்லை. வாளிகள், கத்தரி, நூல், நார், கணக்குப் புத்தகம் இவை போதும். 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில், சிசு என்னும் பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடின்றிக் கடன் பெற வழியுண்டு. எனினும் முதலில் நிச்சயதார்த்தம், வளைகாப்பு போன்ற சிறு விசேஷங்களை ஏற்று, கணக்குத் தேர்ந்த பின் கடன் கொள்வதே விவேகம்.

இனி, அங்கத்தினர் அனைவர்க்கும் ஒரு வார்த்தை. நம் பெண்டிர் இத்தொழிலைத் தொடங்கினால், முதலில் அழைப்போர் உறவினரே ஆவர். முதலில் கடன் சொல்வோரும் உறவினரே ஆவர். 'நம் பெண்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்னும் சொல் அன்பாகத் தோன்றும். ஆனால் பூக்கடைக்காரர் மறுநாள் காலையிலேயே அவளிடம் பணம் கேட்பார். சமையற்காரர்க்கும் நாதஸ்வரக்காரர்க்கும் மேடையிறங்குமுன் பணம் எண்ணிக் கொடுக்கும் நாம், நம் வீட்டுப் பெண்ணின் உழைப்பை மட்டும் மொய்யாகக் கருதலாமோ? அவளுக்கு ஆசி கூற விரும்புவோர், முன்பணத்தை முழுதாகவும் மீதியை அன்றே கையிலும் தருக. அதுவே அவள் தொழிலுக்கு நாம் இடும் வித்து.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் மாதர் முயற்சி!