அதிர்வெண் எங்கே இருக்கிறது?

அதிர்வெண் என்றால் ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்று பள்ளியில் படித்தோம். கணிதமும் நரம்பியலும் பேச்சொலியியலும் அந்தச் சொல்லைத்தான் ஆளுகின்றன; சுட்டும் பொருள்தான் வேறு. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் ஒன்றாவது தெளியும் என்பது என் கட்சி.

கணிதவியலாளர் ஃபூரியே 1822இல் வெளியிட்ட நூல் வெப்பம் பரவுவதைப் பற்றியது. சிக்கலான வளைவையும் எளிய சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்றார் அவர். அந்தக் கணக்கில் அதிர்வெண் என்பது எந்த அலை என்று சொல்லும் எண். அதிர்வதற்கு ஒரு பொருள்கூடத் தேவையில்லை. நம் காதுக்குள் அதே எண் இடமாகிவிடுகிறது. காக்ளியா என்னும் உட்காதுச் சுருளுக்குள் இருக்கும், சுமார் 35 மில்லிமீட்டர் நீளமுள்ள சவ்வின் அடிப்பகுதி கீச்சொலிக்கு அசைகிறது, நுனி கனத்த ஒலிக்கு அசைகிறது. பேச்சொலியியலில் இன்னொரு நுட்பம். ஒரே சுருதியில் ‘ஆ’ என்று இழுத்து, அப்படியே ‘ஈ’க்கு வாருங்கள். குரல்நாண் அதிரும் வேகம் மாறவில்லை. நாக்கு மேலே போனதும் வாயறையின் ஒத்ததிர்வுகள் இடம்பெயர்ந்தன. முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ 700 ஹெர்ட்ஸிலிருந்து 300க்கு இறங்கியது, இரண்டாவது 2000ஐத் தாண்டி ஏறியது. உயிரெழுத்தைப் பிரித்துக் காட்டுவது இந்த ஏற்ற இறக்கமே.

அப்படியானால் மூன்று தனிச்சொற்கள் வைத்துக்கொள்ளலாமே, குழப்பம் தீருமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பழைய தொலைபேசி இணைப்பை எண்ணிப் பாருங்கள். அது கடத்தியது சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே. ஓர் ஆணின் குரல்நாண் நொடிக்கு 120 முறை அதிர்ந்தால், அந்த 120 கம்பியில் போகவே இல்லை. போனது 360, 480, 600 என்ற மடங்குகள். ஆனாலும் மறுமுனையில் கேட்டது அதே ஆண்குரல். கம்பியில் போன கூறுகளில் 120 இல்லை. அலை திரும்பத் திரும்ப வரும் இடைவெளியில் இருக்கிறது. மூளை அதைப் பிடித்துக்கொள்கிறது. சொல்லை மூன்றாக வெட்டிவிட்டால் இந்த உறவு கண்ணில் படாது.

இது ஏட்டுச் சண்டை அல்ல. காது கேளாமல் பிறந்த குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறோம். அது ஒலியைப் பட்டைகளாகப் பிரிப்பது கணிதம். ஒவ்வொரு பட்டையையும் காக்ளியாவில் அதற்குரிய இடத்து மின்முனைக்கு அனுப்புவது நரம்பியல். ‘ஆ’வும் ‘ஈ’யும் பிரிந்து கேட்க வேண்டும் என்பது பேச்சொலியியல். சுமார் இருபது மின்முனைகளைக் கொண்டே பல குழந்தைகள் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள். இசையின் சுருதி மட்டும் இன்னும் சரியாகப் பிடிபடுவதில்லை. இடம் ஓரளவு கிடைக்கிறது, அலையின் நுண்ணிய கால ஒழுங்கு போய்ச் சேருவதில்லை. அந்தக் குழந்தைகளுக்குப் பயிற்சி தரப்போகும் மாணவர்களுக்கு இம்மூன்றையும் ஒரே வகுப்பில் நடத்துங்கள் என்று நம் கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.