முதற்சம்பளத்துக்குப் பின்னும் கல்வி

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையர் வறுமையில் வளர்ந்தவர். தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். மாதச் சம்பளம் 50 ரூபாய். இல்லத்தின் இடர் தணிந்தது.

அவ்வாண்டே முன்சீப் சேலம் இராமசாமி முதலியார், "சீவக சிந்தாமணி படித்ததுண்டா?" என வினவினார். அவர் அதுவரை படித்ததில்லை. வேலைதான் கிடைத்துவிட்டதே என்று அவர் அமையவில்லை. கல்லூரியில் ஆசிரியராக நின்றவர், அவ்வூர்ச் சமணர் இல்லங்களில் மாணவராக அமர்ந்து சமயப் பொருளைக் கேட்டுணர்ந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

பிள்ளைகள் முதற்சம்பளம் பெறும் நாளில் பெற்றோர் தொகையை மட்டும் கேட்டு மகிழ்தல் போதாது, "இனி யாரிடம், எதைக் கற்கப் போகிறாய்?" என்றும் கேட்டல் வேண்டும்.