உறைந்த தோளும் இனிப்புநீரும்

தலை வாரக் கை எழவில்லை. காரில் சீட் பெல்ட்டை எட்டி இழுக்க முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நாற்பதைத் தாண்டிய நம்மவர் பலர் இதைச் சுளுக்கு என்று எண்ணி, எண்ணெய் தேய்த்து உருவி விடுகிறார்கள்.

இது 'உறைந்த தோள்' ஆக இருக்கலாம். போஸ்டன் அறுவை மருத்துவர் எர்னெஸ்ட் காட்மன் 1934இல் சூட்டிய பெயர் இது. தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சி கண்டு, தடித்துச் சுருங்கிவிடுகிறது. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. ஆகவே தோள் வலித்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

வலிக்குப் பயந்து கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் மேலும் இறுகும். முரட்டுத்தனமாக முறுக்கினால் வலி கூடும். அரசாங்க கிளினிக் மருத்துவரிடம் காட்டி, பிசியோதெரபிக்குக் கடிதம் கேளுங்கள். அங்கே சொல்லித்தரும் பயிற்சிகள் எளியவை. மிதமான சூட்டில் ஒத்தடம் கொடுத்த பின், நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல் ஆட்டலாம். விரல்களால் சுவரில் மெல்ல மெல்ல ஏறலாம். பயிற்சி முடிந்தும் வலி நீடித்தால் அளவைக் குறையுங்கள். முழுக் குணத்திற்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம், பாதியில் விட்டுவிடாதீர்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை: நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து தோள் வலித்தால், உடனே 999ஐ அழையுங்கள்.