அடிமை கையில் புத்தகம்



ஏழைக்குப் படிப்பு எதற்கு என்பவர்களுக்கு பிரடெரிக் டக்ளஸ் என்பவரின் வாழ்க்கையே பதிலாகும். அவர் 1818-ம் வருஷத்தையொட்டி அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்தில் அடிமையாய்ப் பிறந்தவர். பால்டிமோர் நகரில் எஜமானியம்மாள் அவருக்கு எழுத்துக் கற்பிக்க ஆரம்பித்தாள். படித்தவன் அடிமை வேலைக்கு உதவமாட்டான் என்று எஜமானன் தடுத்துவிட்டான். அவன் எதற்குப் பயப்படுகின்றானோ அதுவே தமக்கு விடுதலை என்று டக்ளஸ் கண்டுகொண்டார். ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து எழுத்துக் கற்றார். பூட்சு துடைத்துச் சேர்த்த காசில் 50 சென்ட் கொடுத்து ஒரு சொற்பொழிவுப் புத்தகம் வாங்கினார். அதிலே ஓர் அடிமை எஜமானனோடு வாதாடியே விடுதலை பெறுகின்றான்!

1838-ல் டக்ளஸ் தப்பியோடினார். பின்னர் அவர் பிரசங்கத்தைக் கேட்டவர்கள், இவ்வளவு நன்றாய்ப் பேசுகின்றவன் அடிமையாய் இருந்திருப்பானா என்று சந்தேகித்தார்கள். அதற்காகவே 1845-ல் ஊரும் பேரும் சொல்லித் தம் சரித்திரத்தை அச்சிட்டார். அதனால் பிடிபடும் அபாயம் நேர்ந்து கடல் கடந்து போக வேண்டியதாயிற்று. விடுதலை பெற்றுத் திரும்பி, 1847-ல் ராச்செஸ்டர் நகரில் "வட நட்சத்திரம்" என்னும் வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார்.

ஆகவே தோழர்களே! நீ படிக்கவேண்டாம் என்று எவனாவது சொன்னால், அதனால் அவனுக்கு என்ன லாபம் என்று கேளுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.