விண்ணுக்குக் கொடுத்த கோயில்

(யூபிலி விழாவையொட்டி, தரமணியில் நடந்த பங்கு இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் தம்பி ஒருவர் சூடாகக் கேட்டார்: "2023இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3க்கு ஏறக்குறைய 615 கோடி ரூபாய். அதற்கு முந்திய ஆண்டு பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்து, புகை நம் வீட்டுக்குள் வந்ததே! நிலவு முக்கியமா, நம் நுரையீரல் முக்கியமா?" பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். வீட்டுக்குப் போன பிறகுதான் தும்பா நினைவுக்கு வந்தது.

திருவனந்தபுரத்தை அடுத்த மீனவர் ஊர் அது. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ராக்கெட் விட அந்த இடம் வேண்டுமென்றார் டாக்டர் விக்கிரம் சாராபாய். அங்கே புனித மரிய மதலேன் ஆலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா ஞாயிறு பூசையில் மக்களிடமே கேட்டார், மக்களும் இசைந்தார்கள் என்று டாக்டர் அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். கோயில் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் எழும்பியது. ஞானஸ்நானம் பெற்ற கோயிலை விட்டுக்கொடுப்பது லேசான காரியமா?

கைம்மாறு கிடைத்ததா? 1999இல் ஒரிசாப் புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். அன்றும் செயற்கைக்கோள் இருந்தது, படமும் வந்தது. மக்களை ஏற்றிச் செல்ல ஏற்பாடும் புகலிடமும் போதவில்லை. 2013இல் அதே கரையைப் பைலின் புயல் தாக்குமுன் லட்சக்கணக்கானோரை அப்புறப்படுத்தினார்கள்; மாண்டவர் சில பத்துப் பேரே.

ஆனால் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகள் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. கைப்பேசி எட்டாத தூரம். எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அவர்களும் நம்மைப் போலப் பங்கு மக்கள்தாம். கோயிலைக் கொடுத்த தும்பாவும் அதே கடற்கரைதான். செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவி அதன் பின்னரே படகுகளுக்கு வந்தது.

இங்கே தரமணியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், மீன் கூடும் இடத்தையும் அலையின் உயரத்தையும் மீனவரின் கைப்பேசிக்குத் தமிழில் சொல்லும் வேலையைச் செய்துவந்திருக்கிறது. ராக்கெட்டை விட எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

பள்ளிக்கரணைக்கு வருவோம். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாக வெளியே அனுப்பும் சதுப்பு நிலம். அது சுருங்கிச் சுருங்கி வந்ததை விண்ணிலிருந்து எடுத்த படங்கள் காட்டிக்கொண்டே இருந்தன. கட்டடங்கள் நின்றனவா? 2022இல் அதற்கு ராம்சர் தகுதி கிடைத்தது. கிடங்கு எரிந்ததும் அதே ஆண்டில்தான். நிலவுக்குப் போகாதிருந்தால் அந்த 615 கோடி சதுப்பு நிலத்துக்கு வந்திருக்குமா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அங்கே குவிந்ததும் தென்சென்னை வீடுகளிலிருந்து போன குப்பைதான். அதில் நாம் கட்டிப் போட்டதும் உண்டு.

தம்பி கேட்டதில் பாதி நியாயம் உண்டு. ராக்கெட் ஏறும்போது தொலைக்காட்சி முன் கூடுகிறோம். செய்தி கடைசிப் படகு வரை போயிற்றா என்று கேட்க யாரும் கூடுவதில்லை.

நேரமாகிவிட்டது. விழாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். யூபிலி விருந்துக்குத் தூக்கியெறியும் தம்ளர்கள் வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். எவர்சில்வர் தம்ளர்கள் வாடகைக்குக் கிடைக்கும். கழுவ நானும் என் வீட்டாரும் வருகிறோம்.

மரியே வாழ்க!