கதவை உடைக்கும் முன் கதவைப் பாருங்கள்

(பாலசமுத்திரத்தில் பொதுமக்களிடையே தீயணைப்பு வீரர் ஒருவர் ஆற்றிய உரை)

பூட்டுக்குப் பேர் வாங்கின மாவட்டம் நம்மது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. அந்த ஊர்க்காரங்ககிட்டயே கதவை உடைக்கிறதைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க!

திருடனைத் தடுக்கிற பூட்டு, தீ வந்தா நம்மளையும் தடுக்கும். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் இருந்தவங்களுக்கு வெளியேறும் வழி அடைபட்டு, புகையில் மூச்சுத் திணறித்தான் இறந்தார்கள். நம்ம திண்டுக்கல்லில் 2024 டிசம்பர் 12 இரவு ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து 6 பேர் இறந்தார்கள். லிப்டுக்குள்ளேயும் ஆட்கள் சிக்கிக்கிட்டாங்க. புகை நமக்குக் கொடுக்கிறது சில நிமிஷம்தான்.

அதனால முதல்ல 112 அல்லது 101. எந்தத் தெரு, எந்த மாடி, உள்ளே எத்தனை பேர், எந்தக் கதவு பூட்டியிருக்கு என்று சொல்லுங்க. ஒருத்தர் தெருமுனையில் நின்னு வண்டிக்கு வழி காட்டட்டும். செல்போனில் வீடியோ எடுக்கிறவரையே அனுப்பலாம், தப்பில்லை.

எங்க பயிற்சியில் முதல் பாடம் கேட்டா சிரிப்பீங்க: கைப்பிடியைத் திருகிப் பார். பூட்டாத கதவை உடைச்ச கதை எல்லா ஊரிலும் உண்டு. அடுத்து, புறங்கையால் கதவைத் தொடுங்க. சுட்டால் திறக்காதீங்க. காற்று உள்ளே போனதும் தீ உங்க முகத்துக்கே பாயும். அந்தக் கதவை எங்களுக்கு விட்டுடுங்க.

சுடவில்லை, உள்ளே ஆள் இருக்கு என்றால் கீல் எங்கேன்னு பாருங்க. கீல் உங்க பக்கம் தெரிஞ்சா கதவு உங்களைப் பார்த்துத் திறக்கும், தெரியலேன்னா உள்பக்கமா. சினிமா ஹீரோ மாதிரி தோளால் மோதினா தோள்தான் இறங்கும். நடுக்கதவில் உதைக்கிறதும் வீண். கதவைப் பிடிச்சிட்டிருக்கிறது பூட்டும் தாழ்ப்பாளும்தான். பலத்தை அங்கதான் கொடுக்கணும்.

எங்ககிட்ட ஹாலிகன் என்று ஒரு இரும்புக் கம்பி இருக்கு. நியூயார்க் தீயணைப்பு அதிகாரி ஹியூ ஹாலிகன் 1940-களில் வடிவமைச்சது. ஒரு முனை கவை, மறுமுனையில் தட்டையான அலகும் கூர்முனையும். உங்க வீட்டில் கடப்பாரை இருக்கும். முறை ஒண்ணுதான். தாழ்ப்பாளுக்குச் சற்று மேலோ கீழோ, கதவுக்கும் நிலைக்கும் நடுவே முனையை வைத்து லேசா இடுக்கை விரிங்க. அப்புறம் சம்மட்டியால் தட்டி ஆழமா இறக்குங்க. கடைசியாத்தான் நெம்பணும். அவசரப்பட்டு முதலிலேயே நெம்பினா மரம் பெயர்ந்து வரும், கதவு அப்படியே நிற்கும்.

வெளியே தொங்குபூட்டு என்றால் பூட்டை அடிக்காதீங்க. திண்டுக்கல் பூட்டு, சும்மா விடாது! நாதாங்கியைப் பிடிச்சிருக்கிற திருகாணிகள்தான் பலவீனம். நாதாங்கிக்குப் பின்னாடி கடப்பாரையைச் செருகி நெம்புங்க.

குளியலறையில் பெரியவர் விழுந்து கிடந்தால் கதவைத் தள்ளி அவர்மேல் மோதாதீங்க. வென்டிலேட்டர் கண்ணாடியை உருவி உள்ளே பாருங்க. குழந்தை என்றால், “கதவை விட்டுத் தள்ளி உட்காரு கண்ணு”ன்னு பேசிக்கிட்டே இருங்க.

கேஸ் வாடை வந்தால் இரும்பைக் கையில் எடுக்கவே கூடாது. ஒரு பொறி போதும். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். விலகி நின்று 112-க்கும், கேஸ் கசிவுக்கான 1906-க்கும் கூப்பிடுங்க.

“அடுத்தவன் கதவை உடைச்சா கேஸ் போடுவாங்களே?”ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. நியாயமான பயம். உயிரைக் காப்பாற்ற, நல்லெண்ணத்தில், பெரிய ஆபத்தைத் தவிர்க்கச் செய்ததைப் பாரதிய நியாய சன்ஹிதா 19-வது பிரிவு குற்றமாகப் பார்க்காது. ஆனா பூட்டின வீட்டில் சந்தேகம் மட்டும்தான் என்றால், போலீசைக் கூப்பிட்டு, அக்கம்பக்கத்தாரை வச்சுக்கிட்டுத் திறங்க.

பேசினது போதும். பழைய கதவு ஒண்ணு அங்கே நிலையோடு நிறுத்தியிருக்கோம். ரெண்டு பேர் முன்னாடி வாங்க. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கணும். அக்கா, நீங்களும்தான் வாங்க.