ஆவி பிடிப்போம்; காரணத்தையும் பிடிப்போம்

(தோட்டக் கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



சம்பளமும் வீட்டு வசதியும் பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று தொண்டை வலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதற்கும் ஒரு கூட்டமா?" என்று சிலர் சிரிக்கலாம். விடியுமுன் எழுந்து, பனியில் நடந்து, இடுப்பில் கட்டிய கொசுவர்த்தி புகையப் புகைய மரம் சீவுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் அன்றைய கூலிக்கே கேடு. அதைச் சிறிய விஷயம் என்று எப்படிச் சொல்வது?

தொண்டை வலித்தால் நாம் என்ன செய்கிறோம்? ஆவி பிடிக்கிறோம். பெரியவர்கள் அதை வேது பிடிப்பது என்பார்கள். கொதித்த நீரில் நொச்சி இலை, துளசி, கற்பூரவள்ளி, சிலர் வீட்டில் செரை. இலை கிடைக்காவிட்டால் யூகலிப்டஸ் தைலம், கோடாலித் தைலம், மலாய்க்கார அண்டை வீட்டார் தரும் காயு பூத்தே எண்ணெய். போர்வையை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தால் அப்பாடா என்றிருக்கிறது. இது நம் பாட்டிமார் கொடுத்த சொத்து. இதை இகழ்வதற்கு நாம் வரவில்லை. ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்துகொள்ள வேண்டாமா?

வெந்நீராவி வறண்ட தொண்டையை நனைக்கிறது. மூக்கில் கட்டிய சளியை இளக்குகிறது. மூக்கடைத்தவர் இரவெல்லாம் வாயால் மூச்சு விடுவதால் தொண்டை மேலும் காய்கிறது. மூக்கு கொஞ்சம் இளகினால் அந்தத் தொல்லை சற்றுக் குறையும். தைலத்தில் உள்ள மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. மூக்கு திறந்துவிட்டது போல் தோன்றுகிறது. உண்மையில் அவ்வளவாகத் திறப்பதில்லை. ஆறுதல் உண்டு. ஆனால் ஆறுதல் வேறு, குணம் வேறு.

பெரியவர்களுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸ் கிருமியால் வருபவை. அவை ஏறக்குறைய ஒரு வாரத்தில் தாமாகவே தீரும். 2013-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. சளி, இருமல், தொண்டை வலி என்று டாக்டரிடம் வந்த ஏறக்குறைய 900 பேரைக் கவனித்தார்கள். ஆவி பிடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு மற்றவர்களைவிட நோய் குறைந்துவிடவில்லை. சிலர் இலேசாகச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். கோவிட் பரவிய காலத்தில் ஆவியால் கிருமி சாகும் என்று ஊரெல்லாம் பேச்சு. அதுவும் உண்மையல்ல. 2020-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனைக்கு, ஆவி பிடிக்கும்போது வெந்துபோன குழந்தைகள் வழக்கத்தைவிட அதிகமாக வந்து சேர்ந்தார்கள்.

ஆகவே, பிடிப்பவர் பாதுகாப்பாகப் பிடிக்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய நீரைச் சில நிமிடம் ஆற விடுங்கள். அடி அகன்ற பாத்திரத்தை ஆடாத மேசைமேல் வையுங்கள். மடியிலோ படுக்கையிலோ வேண்டாம். தைலம் இரண்டு மூன்று சொட்டுப் போதும். கண்களை மூடிக்கொண்டு ஐந்து பத்து நிமிடம் பிடித்தால் போதும். அடுப்பு எரியும்போது தைலம் ஊற்றாதீர்கள், அது தீப்பிடிக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். தைலத்தை ஒருபோதும் குடிக்கக் கூடாது. சிறு குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் காரமான தைல வாடையே மூச்சிரைப்பைக் கிளப்பும். இவர்கள் உப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் வாய் கொப்பளித்தாலே ஓரளவு இதமாக இருக்கும்.

எப்போது ஆவியை விட்டுவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்? காய்ச்சல் அடிக்கிறது, இருமல் இல்லை, உள்நாக்கின் இருபுறமும் உள்ள சதையில் வெள்ளை படிந்திருக்கிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்றால் அது வேறு வகைக் கிருமியாக இருக்கலாம். அதற்கு மருந்து வேண்டும். கவனியாமல் விட்டால், சிறு வயதினருக்கு முக்கியமாக, இருதயத்தின் வால்வுகளையே கெடுக்கும் வாதக் காய்ச்சல் வரக்கூடும். எச்சிலை விழுங்க முடியவில்லை, வாயைத் திறக்க முடியவில்லை, மூச்சு விடத் திணறுகிறது என்றால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி! குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும் காட்டியே தீர வேண்டும்.

தோழர்களே, இனி நாம் வெட்கத்துடன் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு தோட்டத்தில் ரப்பர் ஸ்டோரில் வேலை செய்த சகோதரர் ஒருவருக்கு ஓயாத தொண்டை எரிச்சல். மாலை தோறும் அவர் மனைவி நொச்சி போட்டு ஆவி பிடிக்க வைப்பார். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தெளியும், செவ்வாய்க்குள் திரும்பிவிடும். "ஸ்டோருக்குப் போகாத நாளில்தான் இவருக்கு நல்லா இருக்கு, கிராணி ஐயா" என்று அந்த அம்மாதான் முதலில் சொன்னார். நமக்குத் தோன்றவில்லை! பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் எத்தனை டின் வந்தது, எத்தனை டின் போனது என்று மாதா மாதம் எழுதி வைத்தது நம் கைதான். காற்றோட்டமில்லாத மூலையில் நின்று அவர் அதைக் கலக்கியதும் நமக்குத் தெரியும். கணக்குச் சரியாக இருந்தது, மனிதரைத்தான் பார்க்கவில்லை.

கிளைச் சங்கம் நிர்வாகத்திடம் பேசியது. ஆசிட் கலக்கும் இடம் திறந்த கொட்டகைக்கு மாறியது. கையுறையும் கண்ணாடியும் வந்தன. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். சில வாரங்களில் அவருடைய தொண்டை தேறியது. நொச்சி இலை செய்ய முடியாததைக் காற்று செய்தது.

இப்படித்தான் பாலைக் கெடாமல் வைக்கும் அமோனியாவும். இப்படித்தான் களைக்கு அடிக்கும் மருந்தும். பாராகுவாட் தெளித்து மூக்கிலும் தொண்டையிலும் புண்பட்டவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர்! அந்த மருந்து 2020-இல்தான் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. வேலை இடத்தில் தொழிலாளியின் உடல்நலத்தைக் காப்பது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. தொண்டை எரிச்சல் வேலை நாளில் கூடி, விடுமுறையில் குறைந்தால், அதைத் தைலப் புட்டிக்குள் மறைக்காதீர்கள். சங்கத்தில் சொல்லுங்கள்.

"டாக்டரிடம் போனால் அன்றைய கூலி போய்விடுமே" என்கிறீர்கள். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு தருகிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டில் 14 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். டாக்டரின் சான்று வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அனுமதியின்றி வராதவராகக் கருதப்படுவீர்கள். இது தருமம் அல்ல, உரிமை. நம்முடன் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசச் சகோதரர்களுக்கும் இதே உரிமை உண்டு. அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

சக கிராணிமார்களே! செக்ரோலில் "வரவில்லை" என்று எழுதுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். ஏன் வரவில்லை? சீட்டு இருக்கிறதா? அந்த ஒரு கேள்வியில் ஒரு குடும்பத்தின் அரிசி இருக்கிறது.

இன்றிரவு யாருக்காவது தொண்டை வலித்தால் தாராளமாக ஆவி பிடியுங்கள். பாட்டி சொன்ன இலையையே போடுங்கள். நாளைக் காலை, வலி எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். வீட்டு வைத்தியம் வீட்டில் இருக்கட்டும். வேலையிடத்து நோய்க்கு வேலையிடத்திலேயே வைத்தியம் தேடுவோம்.